செஞ்சியில் நின்ற ஜெர்மன் வேன்

இந்த வாரம் ஒரு வண்டி விற்ற கதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். சரியாகச் சொன்னால், விற்க முடியாமல் போன கதை. மேலோட்டமாகக் கேட்டால் சின்ன விஷயம்தான். ஆனால் அதில் ஒரு மனிதர் தன் அப்பாவை உயிரோடு பார்ப்பாரா மாட்டாரா என்பதும், என் அத்தையின் இரண்டு ஜோடி வளையலும் சிக்கியிருந்தன.

நான் பார்த்த வேலை பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி. 1970-ல் செஞ்சியிலிருந்து மெட்ராஸ் போய், தம்புச்செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். துறைமுகத்துக்கு வருகிற சரக்குக்கும் போகிற சரக்குக்கும் கஸ்டம்ஸில் காகிதம் போட்டு, வரி கட்டி, முத்திரை வாங்கித் தருவது எங்கள் தொழில். கஸ்டம்ஸ் ஹவுஸ் படிகளில் ஏறி இறங்கியே என் முழங்கால் தேய்ந்தது என்று என் மனைவி இன்றும் சொல்வாள்.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து தரைவழியாகவே இந்தியாவுக்கு வண்டியில் வருவார்கள். இது கட்டுக்கதை அல்ல. 1957-ல் லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு பஸ்ஸே விட்டார்கள். 'இந்தியாமேன்' என்று பெயர். ஏப்ரல் 15 அன்று லண்டனில் கிளம்பி ஜூன் 5 அன்று கல்கத்தா சேர்ந்தது. ஒரு வழிக் கட்டணம் 85 பவுண்டு. அதற்குப் பிறகு அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தாடியும் ஜிப்பாவுமாக இளைஞர்கள் சொந்த வேனிலும் பழைய காரிலும் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் என்று கடந்து வந்தார்கள். சிலர் கோவா போனார்கள், சிலர் காட்மண்டு. நம் பக்கம் வந்தவர்களுக்கு இரண்டு காரணம் இருந்தது. ஒன்று திருவண்ணாமலை, இன்னொன்று பாண்டிச்சேரி. 1968-ல் ஆரோவில் தொடங்கிய பிறகு இந்த வருகை கூடியது. இரண்டுக்கும் நடுவில் சாலையோரம் நம் செஞ்சி. கோட்டையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தாமல் போக யாருக்கு மனசு வரும்?

இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்கள் ஆஸ்திரேலியா வரை போகிறவர்கள். பர்மா வழியாகச் சாலையில் போக அனுமதி கிடையாது. ஆகவே மெட்ராஸ் துறைமுகத்தில் வண்டியைக் கப்பலேற்றிப் பினாங்கில் இறக்கிக்கொள்ள வேண்டும். முதலில் 'ரஜுலா' கப்பல், எழுபதுகளில் 'சிதம்பரம்' கப்பல். நம் ஊர்களிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போன எத்தனையோ பேர் ஏறிய கப்பல்கள்தான். ஆளுக்கு டிக்கெட் ஒரு தொகை என்றால் வண்டிக்கான கூலி அதைவிடப் பெரிய தொகை. ஆறேழு மாதம் சுற்றிவிட்டு மெட்ராஸ் வந்து சேரும்போது பலருக்குக் கையில் பணம் தீர்ந்திருக்கும். வண்டி மட்டும் மிஞ்சியிருக்கும். இங்கேயே விற்றுவிட்டு விமானம் ஏறிவிடலாம் என்று தோன்றுவது இயற்கைதானே?

பழைய காலத்தில் அப்படித்தான் நடந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழியாகக் குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அரபு நாடுகளிலிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்து குவிந்த குதிரைகளைப் பற்றி மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். கொண்டுவந்தவன் இங்கே விற்றுவிட்டுப் பணத்தை முடிந்துகொண்டு அடுத்த காற்றுக்குக் கப்பல் ஏறுவான். வந்த குதிரையைத் திருப்பிக் கொண்டுபோ என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை. காருக்கு வந்த சட்டம்தான் வேறு மாதிரி.

அந்தச் சட்டத்தின் பெயர் கார்னெட். வெளிநாட்டு வண்டி ஒன்று வரி கட்டாமல் ஒரு நாட்டுக்குள் தற்காலிகமாக வந்துபோக உதவும் புத்தகம் அது. ஒவ்வொரு தாளும் மூன்று துண்டாக இருக்கும். உள்ளே வரும்போது எல்லையில் ஒரு துண்டைக் கிழித்து எடுத்துக்கொண்டு முத்திரை குத்துவார்கள். வெளியே போகும்போது இன்னொரு துண்டைக் கிழித்து மறுபடி முத்திரை. மூன்றாவது துண்டு புத்தகத்திலேயே நிற்கும். வந்த முத்திரையும் போன முத்திரையும் அதில் ஒன்றுக்கொன்று எதிரே இருந்தால்தான் கணக்கு நேராகும். புத்தகத்தைக் கொடுப்பது வண்டிக்காரரின் ஊரிலுள்ள மோட்டார் சங்கம். சும்மா கொடுக்காது. வண்டி திரும்பாவிட்டால் இந்த நாட்டுக்குச் சேர வேண்டிய வரிக்கு அந்தச் சங்கமே பொறுப்பு. அதற்காக வண்டியின் விலையைவிடப் பெரிய தொகைக்குப் பேங்க் ஜாமீன் வாங்கிக்கொள்ளும். போதாததற்கு நம் எல்லையில் வண்டி விவரத்தைப் பாஸ்போர்ட்டிலும் எழுதிவிடுவார்கள். வண்டி இல்லாமல் அந்த ஆள் மட்டும் விமானம் ஏற முடியாது.

இனி கதைக்கு வருகிறேன். 1976 பொங்கல். எமர்ஜென்சி காலம். நான் மூன்று நாள் லீவு போட்டுவிட்டுப் போகிப் பண்டிகை அன்று சாயங்காலம் திண்டிவனம் வழியாகச் செஞ்சி வந்து இறங்கினேன். பஸ் ஸ்டாண்டிலேயே ஒருத்தர், "உங்க மாமா காரு வாங்கிட்டாரு தெரியுமா? பெரிய வேனு, உள்ளேயே கட்டில் இருக்குது" என்றார்.

என் தாய்மாமாவுக்குத் திருவண்ணாமலை ரோட்டில் சின்னதாக ஒரு மல்லாட்டை ஆலை இருந்தது. மணிலாக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுத்து வியாபாரிகளுக்குப் போடுவார். கடைசிப் பையன் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு மூன்று வருஷமாகச் சும்மா இருந்தான். டிரைவிங் மட்டும் கற்றிருந்தான். அவனுக்கு ஒரு வண்டி வாங்கிக் கொடுத்தால் கல்யாணத்துக்கும் கார்த்திகை தீபத்துக்கும் மேல்மலையனூர் அமாவாசைக்கும் வாடகை ஓட்டிப் பிழைத்துக்கொள்வான் என்பது மாமாவின் கணக்கு. புதுக் காருக்கு முன்பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. கண்ணெதிரே ஒரு வேன் வந்து நின்றால் விடுவாரா?

வேன் நின்றது மேஸ்திரியின் ஷெட்டில். ஒரு ஜெர்மன்காரரும் அவர் மனைவியும் பாண்டிச்சேரியிலிருந்து திருவண்ணாமலை போகும் வழியில் எஞ்சின் படுத்துவிட்டதாம். ஊரே வேடிக்கை பார்த்தது. எஞ்சின் பின்னால் இருக்கிறது, ரேடியேட்டரே இல்லை, ஸ்டியரிங் இடது பக்கம். "தண்ணி குடிக்காத குதிரைடா இது" என்று மேஸ்திரி பெயர் வைத்துவிட்டார். நம் ஊரில் எதையும் தேசிங்கு ராஜன் குதிரையில் கொண்டுபோய் முடிக்காவிட்டால் பேச்சு நிறைவாகாது. டெல்லியில் ஒருத்தராலும் அடக்க முடியாத குதிரையைத் தேசிங்கு அடக்கினான், நம் மேஸ்திரி இதை அடக்குகிறார் என்று காந்தி பஜார் முழுக்கப் பேச்சு.

மேஸ்திரி உண்மையிலேயே அடக்கிவிட்டார். ஒரு வால்வு எரிந்திருந்தது. மெட்ராஸ் ஜி.பி. ரோட்டுக்கு ஆள் அனுப்பி, கிட்டத்தட்டப் பொருந்துகிற வால்வு ஒன்றைத் தேடிப் பிடித்து, லேத்தில் கொடுத்து இழைத்து, பத்து நாளில் வண்டியை ஓட வைத்தார். அதற்குள் பாண்டிச்சேரி தபால் ஆபீசில் அந்த ஜெர்மன்காரருக்கு ஒரு தந்தி காத்திருந்தது. அப்பாவுக்குப் பக்கவாதம், உடனே வா.

அவர்களிடம் பணம் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. பக்கத்து ஊர்த் தரகர் ஒருத்தர் எப்படியோ மோப்பம் பிடித்து வந்து சேர்ந்தார். மாமாவையும் ஜெர்மன்காரரையும் உட்கார வைத்துப் பதினான்காயிரத்துக்குப் பேசி முடித்தார். நம்பர் பிளேட், ஆர்.சி. புத்தகம் எல்லாம் "நான் பார்த்துக்கறேன்" என்றாராம். மாமா அத்தையின் இரண்டு ஜோடி வளையலை அடகு வைத்து இரண்டாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டார். பாக்கிக்கு ஆலை பேரில் கடன் எழுதுவதாக ஏற்பாடு. ஒரு தாளில் கையெழுத்தும் ஆகிவிட்டது.

மாட்டுப் பொங்கல் அன்று காலையில் போய்ப் பார்த்தேன். மாட்டுக்குக் கொம்பில் வண்ணம் பூசிய கையோடு வேனின் பம்பரிலும் மஞ்சள் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். அத்தை எனக்குப் பொங்கல் வைத்துக்கொண்டே, "நீ மெட்ராஸ்ல இதே வேலையிலதான இருக்க, அந்தப் பேப்பரை ஒரு பார்வை பார்த்துடுப்பா" என்றார். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. நல்ல நாளில் குறுக்குக் கேள்வி எதற்கு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜெர்மன்காரர் புத்தகத்தைக் கொண்டுவந்து திண்ணையில் என் கையில் கொடுத்தார். பிரித்ததும் தெரிந்துவிட்டது. பஞ்சாப் எல்லையில் நவம்பர் மாதம் குத்திய முத்திரை இருந்தது. எதிர்ப் பக்கம் காலி. பாஸ்போர்ட்டிலும் வண்டி நம்பரும் எஞ்சின் நம்பரும் எழுதியிருந்தது. ஆறு மாதத்துக்குள் வண்டி நாட்டை விட்டுப் போக வேண்டும்.

"மாமா, இந்த வண்டியை இவரு விக்க முடியாது. நீங்களும் வாங்க முடியாது" என்றேன்.

"ஏன் மாப்ள? வண்டி அவரு வண்டிதானே? அவரு பொருளை அவரு விக்கறதுக்கு யாரு தடை?"

"வண்டி அவருதுதான். ஆனா இந்த ஊருல விக்கற உரிமை அவருகிட்ட இல்ல. போக்கியத்துக்கு வந்த நிலத்தைக் கிரயம் எழுத முடியுமா மாமா? பயிர் பண்ணலாம், அனுபவிக்கலாம். கெடு முடிஞ்சா விட்டுத்தான் ஆகணும். இதுவும் அப்படித்தான். வரி கட்டாம ஓட்டிக்க மட்டும் விட்டிருக்காங்க."

"வரியைக் கட்டிட்டா?"

எவ்வளவு வரும் என்று சொன்னேன். வண்டி விலையைத் தாண்டிப் போகும். கட்டினாலும் வெளிநாட்டு வண்டியை இறக்குமதி செய்ய லைசென்ஸ் வேண்டும், அது நமக்குக் கிடைக்காது. அந்த நாளில் தூதரக அதிகாரிகள் விட்டுப் போகிற கார்களைக்கூட அரசாங்கத்தின் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் மூலமாகத்தான் விற்பார்கள். சினிமாக்காரர்களும் பெரிய முதலாளிகளும் போட்டி போட்டு எடுப்பார்கள். செஞ்சி ஆலைக்காரர் எந்த மூலைக்கு?

"தரகர் பார்த்துக்கறேன்னாரே" என்றார் மாமா, குரல் இறங்கி.

தரகர் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்பது எனக்குத் தெரியும். செத்துப்போன ஏதோ ஒரு வண்டியின் புத்தகத்தை இதற்கு ஒட்டுவார். பிடிபட்டால் வண்டி பறிமுதல் ஆகும். அதோடு போகாது. 1974-ல் காஃபிபோசா சட்டம் வந்துவிட்டது. எமர்ஜென்சியில் கடத்தல் கேஸ் என்றால் விசாரணை இல்லாமலே உள்ளே வைத்த காலம். மல்லாட்டை உடைக்கிற மனிதர் கடத்தல்காரர் பட்டியலில் சேர வேண்டுமா?

ஜெர்மன்காரருக்கு இதை இங்கிலீஷில் சொன்னேன். சட்டத்துக்கு வெளியே விற்கிறோம் என்பது அவருக்கு அரைகுறையாகத் தெரிந்திருந்தது. ஆனால் வழியெல்லாம் சந்தித்த பயணிகள் 'அதெல்லாம் நடக்கும்' என்று சொல்லியிருக்கிறார்கள். நான் ஜாமீன் பற்றிக் கேட்டேன். யார் கையெழுத்து என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "என் அப்பா" என்றார்.

அதாவது வண்டியை இங்கே விற்றுவிட்டு ஓடினால், சங்கம் போய் நிற்பது பக்கவாதத்தில் படுத்திருக்கும் அந்த மனிதரின் பேங்க் கணக்கில். எந்த அப்பாவைப் பார்க்கப் பணம் தேடினாரோ அதே அப்பாவின் தலையில் அந்தக் கடன் விழும். அவர் மனைவி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அத்தைக்கு மொழி புரியாது. ஆனாலும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. மாமா பதினான்காயிரமும் கொடுத்தாலும் அந்த ரூபாயை வைத்து அவர் விமான டிக்கெட் வாங்க முடியாது. வெளிநாட்டுக்காரர் டிக்கெட்டுக்கு ரூபாய் கொடுத்தால், அது பேங்கில் வெளிநாட்டுப் பணம் மாற்றி வந்த ரூபாய் என்பதற்குச் சான்றிதழ் கேட்பார்கள். வண்டி விற்ற ரூபாய்க்கு எந்த பேங்க் சான்றிதழ் தரும்?

முன்பணத்தில் அறுநூறு ரூபாய் வால்வுக்கும் லேத்துக்கும் மேஸ்திரி கூலிக்கும் போயிருந்தது. மீதி ஆயிரத்து நானூறை அவர் அப்போதே எண்ணி மாமா கையில் கொடுத்தார். அறுநூறுக்காகத் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். மாமா வாங்கவில்லை. "அப்பனைப் பார்க்கப் போறவன் கையில இருக்கறதைப் புடுங்கவா?" என்று எழுந்து ஆலைக்குப் போய்விட்டார். அந்த அறுநூறு மாமாவுக்குச் சின்னத் தொகை இல்லை. என் அப்போதைய இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல்.

என்மேல் கோபம் இருந்தது. தரகர் ஊரெல்லாம் போய், "மருமவன் பொறாமையில கெடுத்துட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா அதை நம்பினாரோ இல்லையோ, அந்த வருஷம் சித்திரை வரை என்னோடு சரியாகப் பேசவில்லை. மாமா பையன் இன்னும் கொஞ்ச நாள் பேசவில்லை. அவனுக்கு வயது இருபது. மூன்று நாள் அந்த வேனைத் துடைத்துத் துடைத்து வைத்தவன்.

பொங்கல் முடிந்து நான் மெட்ராஸ் திரும்பியது அந்த வேனில்தான். ஜெர்மன்காரரையும் அவர் மனைவியையும் கஸ்டம்ஸில் எனக்குத் தெரிந்த ஓர் அதிகாரியிடம் அழைத்துப் போனேன். பெயர் வேண்டாம், காலமாகிவிட்டார். மிக நல்ல மனிதர். தந்தியை வாங்கி இரண்டு தடவை படித்தார். விற்க வழியில்லை, ஆனால் விட்டுப் போக வழி உண்டு என்றார். வண்டியைக் கஸ்டம்ஸ் பொறுப்பில் இருக்கும் குடோனில் நிறுத்திச் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும். அதைப் பாஸ்போர்ட்டில் எழுதிக் கொடுத்தால் ஆள் ஊர் போகலாம். கெடுவுக்குள் திரும்பி வந்து வண்டியை எடுத்துப் போக வேண்டும். முடியாவிட்டால் உரிமையை அரசாங்கத்துக்கு விட்டுவிடுவதாக எழுதிக் கொடுக்கலாம். இத்தனையும் சட்டத்தில் இருந்த வழிகள்தான். என்ன, யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

டிக்கெட்டுக்குப் பணம் அவர் அக்கா ஜெர்மனியிலிருந்து பேங்க் மூலம் அனுப்பினார். வந்து சேர எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன லாட்ஜில் தங்கியிருந்தார்கள். நான் ஆபீஸ் முடிந்து போகும் வழியில் பார்த்துவிட்டுப் போவேன். அடுப்பு, கூடாரம், மடக்கு நாற்காலி என்று பாஸ்போர்ட்டில் எழுதாத சாமான்களை மாமா வீட்டுக்கு அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தார். அறுநூறு ரூபாய்க்கு ஈடாகத்தான். இந்தத் தடவை மாமா மறுக்க முடியவில்லை, ஆள் விமானம் ஏறிவிட்டாரே!

மார்ச் கடைசியில் ஏர்மெயிலில் ஒரு கடிதம் வந்தது. அப்பா பிப்ரவரி கடைசியில் இறந்துவிட்டார். பேச்சு வரவில்லை, ஆனால் ஆளை அடையாளம் தெரிந்தது. மூன்று வாரத்துக்கும் மேல் பக்கத்தில் இருந்தேன் என்று எழுதியிருந்தார். வேனுக்காகத் திரும்பி வரவில்லை. உரிமையை விட்டுக்கொடுக்கும் கடிதத்தையும் கூடவே வைத்திருந்தார். அதைக் கஸ்டம்ஸில் கொடுத்து, கார்னெட்டின் காலிப் பக்கத்துக்கு ஈடான சான்றிதழ் வாங்கி நான்தான் தபாலில் அனுப்பினேன். ஜாமீன் விடுபட்டது.

கடிதத்தைச் சித்திரை லீவில் கொண்டுபோய் மாமாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். திண்ணையில் அதே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். "அப்ப பார்த்துட்டான்" என்றார். பிறகு உள்ளே திரும்பி, "மாப்ளைக்குக் காபி போடு" என்றார். எங்கள் சண்டை அன்றைக்குத் தீர்ந்தது.

வேன் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அடுத்த வருஷம் ஏலப் பட்டியலில் வந்தது. மாமா பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப் போனேன். நான்கு டயரும் தரையோடு படுத்திருந்தன. உப்புக் காற்றில் அடிப்பக்கம் துரு ஏறியிருந்தது. அரசாங்கம் வைத்த ஆரம்ப விலையே நமக்கு எட்டாது. ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஸ்பேர் பார்ட்சுக்கு நான் எங்க போவேன்?" என்று கிளம்பிவிட்டார். இரண்டு வருஷம் கழித்துப் பையனுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் மெட்டாடோர் வேன் வாங்கிக் கொடுத்தார். அதுவும் ஜெர்மன் டெம்போ கம்பெனி வழியில் வந்த வண்டி என்று நான் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். அந்த மெட்டாடோர் ஓடிச் சம்பாதித்ததில்தான் அவனுக்குக் கல்யாணம் நடந்தது.

1979-ல் ஈரானில் புரட்சி, அதே வருஷக் கடைசியில் ஆப்கானிஸ்தானுக்குள் ரஷ்யப் படை. தரைவழிச் சாலை மூடிக்கொண்டது. 1985-ல் 'சிதம்பரம்' கப்பல் தீ விபத்தில் சிக்கியதோடு பினாங்குப் பாதையும் முடிந்தது. வெளிநாட்டு நம்பர் வேன்கள் எங்கள் ஆபீஸ் பக்கம் வருவது நின்றுபோயிற்று.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் காலத்துப் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் தமிழ்நாட்டில் இருப்பது நம் செஞ்சி ஒன்றுதான். வெளியூர்க்காரர்கள் இனி இன்னும் வருவார்கள். திருவண்ணாமலையில் புல்லட் ஓட்டும் வெளிநாட்டவரைப் பார்க்காத நாளில்லை. ஊருக்குக் கிளம்பும்போது வண்டியை விற்பார்கள். பேரப்பிள்ளைகள் நம்மிடம் வந்து, "தாத்தா, சல்லிசா கிடைக்குது" என்பார்கள்.

அப்போது இரண்டு வகை வண்டி உண்டு என்று சொல்லுங்கள். இந்திய நம்பர் உள்ள புல்லட் என்றால் தாராளமாக வாங்கலாம், விற்பவர் எந்த நாட்டவரானாலும் சரி. ஆனால் ஆர்.சி.யில் இருக்கும் பெயரும் விற்பவர் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். இந்த வண்டிகள் டெல்லியில் வாங்கியதாக இருக்கும், ஆர்.சி. முதல் ஓனர் பெயரிலேயே இருக்கும், நடுவில் மூன்று கை மாறியிருக்கும். ஃபாரம் 29, ஃபாரம் 30 இரண்டிலும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் கையெழுத்து வேண்டும். வேறு மாநில வண்டி என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று வேண்டும். அது ஃபாரம் 28. கடன் பாக்கி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சேஸிஸ் நம்பரை நேரில் தடவிப் பார்த்து ஆர்.சி.யோடு ஒப்பிட வேண்டும். விற்றவர் விமானம் ஏறிய பிறகு ஒரு கையெழுத்து குறைகிறது என்றால் எங்கே போய்த் தேடுவது?

வெளிநாட்டு நம்பரோடு எல்லை தாண்டி வந்த வண்டி என்றால், எவ்வளவு சல்லிசாகக் கொடுத்தாலும் தொட வேண்டாம். அந்தக் கார்னெட் புத்தகம் இன்றும் இருக்கிறது. நம் ஆட்கள் இங்கிருந்து கார் எடுத்துக்கொண்டு லண்டன் வரை போகிறார்களே, அவர்களும் பேங்க் ஜாமீன் கட்டி அதே புத்தகத்தை வாங்கித்தான் போகிறார்கள். அங்கே விற்றுவிட்டு வந்தால் அவர்கள் கட்டிய ஜாமீன் போய்விடும்.

விற்க முடியாமல் தவிக்கும் வெளியூர்க்காரர் யாரையாவது பார்த்தால், வாங்காதே என்று பேரனுக்குச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். கஸ்டம்ஸில் போய்க் கேளுங்கள், விட்டுப் போக வழி இருக்கிறது என்று அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவசரம் இல்லாமல் யாரும் சொந்த வண்டியைப் பாதி விலைக்குக் கொடுப்பதில்லை.

அடுத்த வாரம் 'சிதம்பரம்' கப்பல் கிளம்பும் நாளில் மெட்ராஸ் துறைமுகம் எப்படி இருக்கும் என்று எழுதுகிறேன்.